கோட்டைத் தாண்டிய சிவப்பு

"ஊசி போட்டு ஐம்பத்து மூணு மணி நேரம் ஆச்சு டாக்டர். சிவப்பு கோட்டைத் தாண்டிடுச்சு."

மூச்சு வாங்கியபடி சொன்னாள். வெளியே பன்னிரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் நேராக உள்ளே நுழைந்திருந்தாள். தோளில் இரண்டரை மாதப் பெண் குழந்தை. பின்னால் பால் பாட்டில் பையும் துண்டுமாகக் கணவன்.

டாக்டரம்மா குழந்தையை மேசையில் படுக்க வைக்கச் சொன்னார். இடது தொடையில், தடுப்பூசி போட்ட இடத்தில், தோல் சிவந்து தடித்திருந்தது. அதன் மேல் நீலப் பேனாவால் ஒரு வட்டம். சிவப்பு அந்த வட்டத்துக்கு வெளியேயும் தெரிந்தது.

வட்டம் நேற்றுக் காலையில் வந்தது. ஊசி போட்ட மறுநாள் தொடை சிவந்திருக்கிறதென்று அவள் இதே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, நர்ஸ் சிரித்துவிட்டு, நிறையக் குழந்தைகளுக்கு இப்படி ஆகும், இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும் என்றாள். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பை ஒட்டியே ஒரு கோடு இழுத்தாள். இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே வாருங்கள், தாண்டாதவரைக்கும் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

நிம்மதி எங்கே வந்தது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். குளிப்பாட்டவில்லை. வேறு யாரையும் தொடவிடவில்லை. இன்று காலை பத்து மணிக்குக்கூடச் சிவப்பு கோட்டுக்குள்தான் இருந்தது. கணவன்தான், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இரண்டு மணி நேரம் படு என்று அவளை வற்புறுத்திப் படுக்க அனுப்பினான்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்தபோது குழந்தை புதுச் சட்டையில் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு கோட்டுக்கு வெளியே வந்திருந்தது.

காய்ச்சல் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை. பால் குடிக்கிறாளா? குடிக்கிறாள். அழுகை? பசித்தால் மட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் தெளிந்தது. ஆனால் ஸ்கேலை வைத்து அளந்ததும் மறுபடி சுருங்கியது.

"எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கு. ஒரு நாளைக்குள்ள."

"ஒரு நாள் இல்ல டாக்டர். ரெண்டு மணி நேரம்." அவள் அழத் தொடங்கினாள். "நான் தூங்கிட்டேன்."

இரண்டு மணி நேரம் என்றதும் டாக்டரம்மா எழுந்துவிட்டார். இவ்வளவு வேகமாகப் பரவினால் அது வெறும் ஊசிச் சிவப்பாக இருக்காது, கிருமித் தொற்றாக இருக்கலாம் என்றார். இந்த வயதில் காத்திருந்து பார்க்க முடியாது. உடனே சேர்த்துக்கொண்டு நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும். நாலைந்து நாள் ஆகலாம்.

"இல்ல டாக்டர், அது வந்து..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"நீங்க பேசாதீங்க," என்று மறித்தாள் அவள். "ஊசி போட்டே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

அவன் பெட்டிப் பாம்பாய் அடங்கினான். ஆட்டோவில் வரும்போதும் இப்படித்தான் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். ஊசிக்கு வக்காலத்து வாங்க வருகிறான் என்று அவள் கேட்கவே இல்லை.

நர்ஸ் தட்டோடு வந்தாள். நேற்று வட்டம் போட்ட அதே நர்ஸ். அழுகிற தாயைப் பார்த்ததும் அவளுக்கும் சங்கடமாகிவிட்டது. எதையாவது பேசவேண்டுமே என்று தொடையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஸ்கூல்ல வட்டம் போடச் சொன்னா நான் உருளைக்கிழங்குதான் போடுவேன். பாப்பா கால்ல மட்டும் எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் குழந்தையின் பிஞ்சுக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு தட்டுப்படவில்லை. கையைத் திருப்பித் தட்டிப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது.

"இதோட சரி," என்றாள் தாய், குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு. "மிச்ச ஊசி எதுவும் என் பொண்ணுக்கு வேண்டாம். எவர் வந்து சொன்னாலும் சரி. நானும் இனிமே தூங்கப்போறதில்லை."

நர்ஸ் ஊசியின் மூடியைக் கழற்றினாள். முனை தோலைத் தொடப்போன நேரத்தில் கணவனின் கை குறுக்கே வந்தது.

"சிஸ்டர், வேண்டாம். கொஞ்சம் நில்லுங்க."

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, குழந்தையின் தொடையில் இருந்த வட்டத்தின் மேல் வைத்தான். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

"நீ தூங்கும்போது பாப்பாவுக்கு வெளிக்குப் போய் தொடை வரைக்கும் வழிஞ்சிடுச்சு. துடைச்சேன், கோடும் சேர்ந்து அழிஞ்சிடுச்சு. நீ பாத்தா பதறுவியேன்னு இந்த மூடியை வச்சு நான்தான் திரும்பப் போட்டேன்... சிஸ்டர் போட்டது இதைவிடப் பெருசு."