வேலிக்கு மேலால் வந்த புத்தகங்கள்

“இஞ்சேரும், உந்த மனிசன் ஏன் எங்கடை பிள்ளைக்கு அமெரிக்காச் சரித்திரமாத் தந்துகொண்டிருக்கிறார்?”

ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த மூன்று சிறுவர் புத்தகங்களையும் சபாரத்தினம் மாறி மாறிப் பார்த்தார். மூன்றும் பக்கத்து வீட்டுப் பாஸ்கரன் வேலிக்கு மேலால் நீட்டியவை. பாஸ்கரன் சென்னைக்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். “பாப்பாவுக்குக் குடுங்க சார். வீட்ல பெரியவங்களும் படிக்கலாம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் சபாரத்தினத்துக்குப் பிடிக்கவேயில்லை.

“பிள்ளை படிக்கத்தானே தாறார்” என்றாள் மனைவி செல்வமலர், கோப்பை கழுவியபடி.

“கோதைக்கு ஏழு வயசு. டைனோசர் எண்டால் உயிரை விடுவாள். இதை ஆர் கேட்டது? இந்தப் படங்களைப் பாரும்.”

முதல் படத்தில் புது நாடு கடலோரமாக ஒரு சின்னத் துண்டு. பக்கம் புரளப் புரள அதன் நிறம் பரவியது. கடைசிப் பக்கத்தில் மற்றக் கடலையும் தொட்டுவிட்டது.

“முதல்லை நாலு சனம் போய்க் குடில் போடுது. பிறகு ஒப்பந்தம் எண்டுது. பிறகு வேலி. கடைசியிலை அங்கை இருந்தவனைக் காணேல்லை! எனக்கு இப்பதான் எல்லாம் விளங்குது.”

“என்ன விளங்குது?”

“எங்கடை வேலி! போன வருசம் புயலுக்கு விழுந்ததைத் திருப்பிப் போடேக்கை நான் டொரன்டோவிலை, தம்பியின்ரை கலியாணத்திலை. வந்த நாள் தொட்டு வளவு ஒரு மாதிரித்தான் தெரியுது. உவர் ஒரு முழம் எங்கடை பக்கம் அரக்கிப் போட்டார். அதை மறைக்கத்தான் புத்தகமும் சிரிப்பும்.”

செல்வமலரின் கை நின்றுவிட்டது. “விசர்க் கதை கதையாதையுங்கோ. அயலட்டையோடை கொழுவாமல் விடுங்கோப்பா.”

“விடுறதோ? ஊரிலை பரம்பரைக் காணியை ஆமி எடுத்தான், பேசாமல் நிண்டன். இது இரவு பகலா ஷிப்ட் செய்து வாங்கின மண். வேலி அரக்கிறவன் மனிசனே? கள்ளன்! திங்கட்கிழமை லோயரிட்டைப் போறன். அதுக்கு முதல் பழைய வேலிக்கட்டையின்ரை அடி அந்தப் பக்கம் எங்கை கிடக்கெண்டு பாக்கிறன்.”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். வேலியோரமாக நீளத்துக்கும் செல்வமலரின் லீக்ஸ் பாத்தி. போன வருசம் புதிதாகக் கொத்திய பாத்தி, கோயிலில் கண்ட பெண்கள் எல்லோரிடமும் அதைப் பற்றித்தான் பேசுவாள்.

“பாத்திக்கை ஸ்டூலை வைக்காதையுங்கோ!” ஈரக்கையோடு பின்னால் ஓடி வந்தாள்.

அவர் கேட்டால்தானே! ஏறி எட்டிப் பார்த்தார். பாஸ்கரன் பக்கம் வழுவழுவென்று புல். ஒரு கட்டை கிடையாது, ஒரு குழி கிடையாது.

“தடயத்தைக்கூட விட்டுவைக்கேல்லை. எமகாதகன்!”

திரும்பியபோது ஸ்டூல் ஆடியது. மூன்று கால் மண்ணுக்குள் இறங்கியிருக்க, ஒரு கால் மட்டும் எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. இறங்கிக் குனிந்து மண்ணை ஒதுக்கினார்.

சீமெந்துக் கட்டி. நடுவில் உக்கிப்போன ஒரு மரக்கட்டையின் அடி. கொஞ்சம் தள்ளி அதே வரிசையில் இன்னொன்று. அங்கேயிருந்து இப்போதைய வேலி வரைக்கும் நல்ல ஒரு முழம், அவ்வளவும் செழிப்பான லீக்ஸ்.

சபாரத்தினம் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார்.

“பாஸ்கரன் அண்டைக்கு வேலைக்குப் போயிட்டார்” என்றாள் செல்வமலர், நிலத்தைப் பார்த்தபடி. “வேலி போட வந்த வெள்ளையன் கட்டையை எங்கை நடுறது எண்டு என்னட்டைத்தான் கேட்டான். பாத்திக்கு இடம் காணாமல் கிடந்தது.”

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பாஸ்கரன் சிரித்த முகத்தோடு வேலியை நோக்கி வந்தார். கையில் நாலாவது புத்தகம்.

“கெதியா மண்ணைப் போட்டு மூடுங்கோ” என்று கிசுகிசுத்தாள் செல்வமலர். “அவர் உதுகளைத் தாறது கோதைக்கு இல்லையப்பா, எனக்கு.”