லடாக் ஒத்துக்காது

“லடாக் வாணாம் டீச்சர். எனக்கு ஒத்துக்காது” என்றார் தங்கவேலு.

மாயா டீச்சருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ரெண்டு வருஷத் திட்டம் இது. பனிப் பாலைவனம், சுற்றிலும் மலை, நடுவில் கருங்கழுத்துக் கொக்கு. ரிடையர் ஆவதற்குள் அந்தக் கொக்கை நேரில் பார்த்தே தீருவேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். டிக்கெட் போட மூன்று பேரும் அவள் வீட்டில் கூடிய ஞாயிற்றுக்கிழமை பார்த்தா இந்த மனுஷன் இப்படிக் குண்டைத் தூக்கிப் போட வேண்டும்?

“இன்னாண்ணா இது? போன வாரம் வரைக்கும் குதிச்சிக்கிட்டு இருந்தீங்களே!”

“அப்போ தெரியல. அவ்ளோ உசரத்துல எனக்கு மூச்சு முட்டும் டீச்சர்.”

வேந்தன் வாய்விட்டுச் சிரித்தான். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவன். ரயில் சிநேகிதத்தில் வளர்ந்த வாய்.

“பத்தாயிரம் அடி கீழ இறங்கி மைன்ஸ்ல வேலை செஞ்சவனுக்கு மேல போறதெல்லாம் ஒரு மேட்டரான்னு கேட்டது யாரு? சாம்பியன் ரீப்ஸ் ஏரியா பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே. இப்ப பயந்துட்டீங்களா?”

“பயந்துட்டேன்னே வச்சுக்கோ” என்றார் தங்கவேலு.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். ராஜஸ்தான். ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத்தில் கானமயில், அப்புறம் அபு மலையில் பச்சை முனியாக் குருவி. பங்காருபேட்டையில் எத்தனை மணிக்கு ரயில் ஏறுவது என்பது வரைக்கும் குண்டு குண்டாக எழுதியிருந்தார்.

“இங்கயும் பாலைவனம் இருக்குது, மலை இருக்குது. நாலு நாளா உக்காந்து எழுதினேன் டீச்சர். பெரிய மனசு பண்ணி இதுக்கு ஒத்துக்கோங்க.”

மாயா அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. அவரே அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இவரால் முடியுமா என்று போன ஞாயிறே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. மலை ஏறிப் பழக வேண்டும் என்று மூன்று பேரும் சயனைட் மேட்டில் ஏறினார்கள். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலையாகிப்போன மேடு. வேந்தன் விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டான். தங்கவேலுதான் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். ஒரு தரம் முட்டி வலி என்றார், ஒரு தரம் செருப்பில் முள் என்றார், கடைசியில் காரணம்கூடச் சொல்லவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டா போக முடியும்? மாயாவும் கூடவே உட்கார்ந்தாள். அந்தத் தூசியில் அவளுக்கும் தொண்டை அடைத்ததால், உட்கார்ந்தது இதமாகத்தான் இருந்தது.

மூன்று நாள் யோசித்தாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தங்கவேலுவின் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி பார்வதம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. நானும் வேந்தனும் லடாக் போறோம். உங்களுக்கு முடியலன்னா நீங்க இருந்துக்கோங்க.”

விட்டது தொல்லை என்று அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தாள். அவர் முகம் செத்துப்போனது.

“ஐயோ, வாணாம் டீச்சர். நீங்க போவக் கூடாது.”

“ஏன்? உங்களுக்குக் கிடைக்காதது வேற யாருக்கும் கிடைக்கக் கூடாதா? உங்களைப் போய் நல்ல மனுஷன்னு நினைச்சேனே!”

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. பார்வதம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் எதுக்குய்யா மூடி மூடி வைக்கிற? டீச்சரம்மா, இந்த ஆளுக்கு ஒரு கேடும் இல்ல. போன மாசம்தான் டாக்டரு எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்து, லடாக்குக்கு தாராளமாப் போலாம்னு எழுதிக் குடுத்தாரு.”

அலமாரியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மாயாவின் கையில் கொடுத்தார். அப்படித்தான் எழுதியிருந்தது.

“அப்போ யாருக்குத்தான் ஒத்துக்காது?” என்றாள் மாயா.

பார்வதம்மா அவளைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

“மேட்டுல ஏறச்சொல்ல உங்க உதடு நீலமாப் பூடுச்சாம் டீச்சரம்மா. பத்தடிக்கு ஒருக்கா நின்னீங்களாம். உக்காருங்கன்னா நீங்க உக்கார மாட்டீங்கன்னுட்டு இவரு உக்காந்துக்கினாராம். நாளைக்கு என்கூட டாக்டர் ஆண்ட வாங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்.”

மாயாவின் கை தானாக உதட்டுக்குப் போனது. கொஞ்ச நாளாகவே மாடிப் படியேறி வகுப்புக்குப் போனதும் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாம் வயசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்து கண் கலங்கியது.

“கொக்கு எங்க ஓடிடப் போவுது? உடம்பை சரி பண்ணிக்கோங்க. டாக்டரு சரின்னு சொல்லட்டும், அடுத்த வருஷம் மூணு பேரும் போலாம்” என்றார் தங்கவேலு.

மாயா அவரிடம் கையை நீட்டினாள்.

“அந்த ராஜஸ்தான் பேப்பரைக் குடுங்கண்ணா. டாக்டர்கிட்ட அதையும் காட்டிக் கேட்டுக்கறேன்.”

அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

“என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே! வேந்தன் அப்படிக் கிண்டல் பண்ணான், நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எதுக்கு எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

தங்கவேலு கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

“மைன்ஸ்ல கூட இருக்கறவனுக்கு மூச்சு வாங்குச்சுன்னா, ‘உனக்கு முடியல’ன்னு சொல்ல மாட்டோம் டீச்சர். ‘என் லைட்டு மங்குது, வா மேல போலாம்’னுதான் சொல்லுவோம்.”