தட்டு உடைவதற்கு முன்

வீட்டுக்கு வீடு கேமரா வைத்து நிகழ்ச்சியாக ஒளிபரப்பும் காலம் வந்துவிட்ட பிறகும் தனசீலன், பூங்கோதை தம்பதி வீட்டுச் சண்டைக்குத்தான் கூட்டம் அதிகம். சண்டை என்றால்தான் ஆள் பார்க்கும் என்பதால் இருவரும் ஒன்பது வருடம் தினமும் சண்டை போட்டார்கள். தனசீலன் இறந்த மறுமாதம் பூங்கோதை நிகழ்ச்சி அலுவலகத்தில் போய் நின்றாள்.

“அவர் சிரிச்சுப் பேசுற மாதிரி ஏதாச்சும் இருந்தா குடும்மா.”

அங்கிருந்த பெண் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “யாரும் பாக்காததை அன்னன்னைக்கே அழிச்சிடுவோம்க்கா. சண்டை மட்டும்தான் இருக்கு.”

அவன் பூண்டு உரித்துக் கொடுத்த சாயங்காலங்களும், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதும் போயே போய்விட்டன. நாற்பது லட்சம் பேர் பார்த்த தட்டுச் சண்டையை வாங்கி வந்து வீட்டில் போட்டாள்.

திரையில் தனசீலன் அவள் வம்சத்தையே இழுத்து வைதான். பீங்கான் தட்டை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நிற்க, அவன் கால் மட்டும் கீழே அவளுடைய வீட்டுச் செருப்பைத் துழாவி, வெறுங்காலில் நின்ற அவள் பக்கம் தள்ளியது. அவளும் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தட்டு உடைந்தது.

நாற்பது லட்சம் பேரும் தட்டைத்தான் பார்த்தார்கள். பூங்கோதை சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள்.