தரப்புக்கு ஒருவர்

“மூன்றாம் இணைப்பு. பாதுகாப்பு ஒத்துழைப்பு. முற்றுப்புள்ளி.”

டைப்பிஸ்ட் அக்கா சத்தமாக வாசித்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டு டைப்பிஸ்ட் தன் பிரதியில் வரிவரியாக ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்தாள்.

ஒப்பந்தம் நாட்டுக்கு ஒரு பிரதி. ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்து.

மூன்று நாளாக இதே வேலை. பேசும் மொழி ஒன்றுதான், கொடிதான் வேறு. ஆனாலும் வேலையைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்காவுக்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் எல்லையில் அவள் தம்பியைச் சுட்டுக் கொன்றது அந்த நாட்டுப் படை. வீட்டுக்கு வந்த ராணுவக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. வருடா வருடம் அந்தத் தேதியன்று காலண்டர் தாளைக் கிழிக்க அவளுக்குக் கை வராது.

எதிரே உட்கார்ந்திருக்கும் இவளுக்கு என்ன வந்தது? நகர்த்தி வைத்த டீயைக்கூடத் தொட மாட்டேன் என்கிறாளே. கொன்ற நாட்டுக்காரிக்கு இவ்வளவு வீம்பா?

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பெரியவங்களே ராசியாயிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் எப்ப கையெழுத்துப் போடப் போறீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. உறையைப் பிரித்துக் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேலே ‘ரகசியம்’ என்று முத்திரை. தலைப்பு: இதுவரை வெளியிடப்படாத கூட்டுப் பயிற்சிகள்.

முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாவதில் ஒரு தேதி.

கிழிக்காத தாளின் தேதி.

இரண்டு நாடும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. ஊருக்கு அப்படித்தான் தெரியும்.

இடம், ஆற்றுப்பாலம் சோதனைச்சாவடி. தம்பி காவலுக்கு நின்ற இடம்.

அவள் குரல் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனது.

“இரு படைகளும் சேர்ந்து நடத்திய பயிற்சி. குறி தவறியது. உயிரிழப்பு, தரப்புக்கு ஒருவர்.”

முற்றுப்புள்ளி வாயில் வரவில்லை. பதினொரு வருடமாக யாரைச் சபித்துக்கொண்டிருந்தாள்?

எதிரே ஸ்கேலும் நகரவில்லை. அதே வரியின் கீழே நின்றது.

பக்கத்து நாட்டுக்காரி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

“உங்க வீட்ல யாரு?”