பதினோராம் பாடம்

ஜோவிதா செத்து இன்றோடு இருபத்தேழு நாள். இன்றைக்கும் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் சரியாக இரண்டு பத்துக்கு ஹேமலதாவின் ஃபோன் சிணுங்கியது. "அன்புள்ள ஹேமலதா, பாடம் 11இல் நீங்கள் தேர்ச்சி பெறவில்லை. மீண்டும் முயலுங்கள்."

ஆறு நாளாக இதே கூத்து. அதே நேரம், அதே பாடம்.

ஹேமலதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். நர்சுகள் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் புதுசாகப் படித்தேன் என்று சர்டிபிகேட் காட்ட வேண்டும். ஆன்லைனில் இலவசமாகவே கிளாஸ் நடக்கிறது. உட்கார்ந்து கேட்டு, பாடத்துக்கு ஒரு பரீட்சை எழுதத்தான் ஆள் வேண்டும்.

ஹேமலதாவுக்கு அந்த ஆள், வார்டு நர்ஸ் ஜோவிதா.

"வீட்ல ஆயிரம் வேலைடி எனக்கு. பாஸ்வேர்டை வெச்சிக்க. என் பேர்ல நீயே எழுதிடு."

பாவம், அவளும் தினம் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் ஃபோன் என்று எல்லாப் பாடத்தையும் முடித்துக் கொடுத்தாள். ஹேமலதா ஒரு பாடத்தையாவது திறந்து பார்த்தாளா? அட, நீங்க வேற! சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டதோடு சரி.

அந்த பாஸ்வேர்ட் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி ஹேமலதா. இன்னொருத்தி கல்லறையில் இருக்கிறாள்.

இன்னொன்றும் புரியவில்லை. பதினோராம் பாடத்தை ஜோவிதா ஜனவரியிலேயே எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள். முடித்த பாடத்தை எதற்குத் திரும்பத் திரும்ப எழுதுகிறாள்?

வார்டு கூட்டுகிற அஞ்சலாட்சி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"ரெண்டு மணி ஆனா, அது உக்காந்து சாப்டுற இடமே சில்லுன்னு ஆயிடுது சிஸ்டர். இன்னாவோ சொல்ல வந்துச்சி அந்தப் பொண்ணு. சொல்லாமயே போய்டுச்சி."



ஜோவிதா செத்தது இதே வார்டில்தான். காய்ச்சல் என்று காலையில் வந்து படுத்தாள். ஹேமலதாதான் டூட்டி. தொட்டுப் பார்த்தபோது கால் இரண்டும் சில்லிட்டிருந்தன. மூச்சு இரைத்தது. "பதினொண்ணு... சிஸ்டர், பதினொண்ணு..." என்று வாய் குழறியது.

"ஜுரத்துல பினாத்துறா. ஏசிக்குக் கால் சில்லிட்டிருக்கு. போர்த்தி விட்டிருக்கேன், தூங்கட்டும். ஒண்ணும் ஆவாது" என்று, பக்கத்தில் நின்ற அவள் புருசன் ரெக்சுக்கு தைரியம் சொன்னாள் ஹேமலதா. சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாம் கைமீறியிருந்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்தான். கை துணியவில்லை. செத்தவளுக்குக் கோபம் வந்தால்? சரி, பேயும் இல்லை பிசாசும் இல்லை, யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது இன்னும் மோசம். மேலே ஒரு புகார் போனால் பதிவு போச்சு, இருபத்திரண்டு வருச வேலையும் போச்சு.

மறுநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு, முதலியார்பேட்டையில் இருக்கிற ஜோவிதா வீட்டுக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

மணி இரண்டு. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.  முருகா என்று ஹேமலதா கதவைத் தள்ளினாள்.

ஜோவிதாவின் படத்தில் சிவப்பு பல்ப் எரிந்தது. அதன் கீழே ஏசி மெக்கானிக் யூனிஃபாரத்தோடு ரெக்ஸ். தட்டில் சோறு போட்டபடி இருந்தது. கையில் ஜோவிதாவின் ஃபோன். குரல் அதிலிருந்துதான் வந்தது.

போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நீயா! என் பேர்ல புகுந்து விளையாட உனக்கு யார் உரிமை குடுத்தா? என் வேலைக்கே உலை வெக்கிறியா?"

ரெக்ஸ் பதறி எழுந்தான்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். போன வாரந்தான் அவ ஃபோனைத் திறந்தேன். பாஸ்வேர்டு அதுலயே இருந்திச்சி. சாவுறப்ப பதினொண்ணு, பதினொண்ணுன்னாளே, உங்க பாடம் பாக்கி போலன்னு நெனச்சேன். முப்பதாம் நாள் பூசைக்குள்ள முடிச்சிட்டா, அவ ஆத்மா அடங்கும்னு..."

"அது முடிஞ்ச பாடம்! ஜனவரியிலயே நான் நூத்துக்கு நூறு வாங்கிட்டேன்!" கொஞ்சமும் வாய் கூசாமல்தான் சொன்னாள்.

"நூறா! ஜோவிகூட சொல்லுவா. 'சிஸ்டருக்குக் கண்ணு சரியில்ல. அவங்க பதில் சொல்லுவாங்க, நான் தட்டிக் குடுப்பேன், அவ்ளோதான்'னு."

 கட்டின புருசனிடம்கூட அந்தப் பெண் ஹேமலதாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. ஃபோன்லயே தமிழாக்கிப் படிச்சி, ஒம்பது கேள்வி சரியாப் போட்டுடறேன் சிஸ்டர். பத்தும் சரியா இருந்தாத்தான் பாஸாம். இந்தக் கடைசிக் கேள்விலதான் தினம் ஃபெயில்."

ஃபோனை நீட்டினான்.

'காய்ச்சல் நோயாளிக்குக் கால்கள் சில்லிட்டுள்ளன. மூச்சு இரைக்கிறது. பேச்சு குழறுகிறது. நர்ஸ் என்ன செய்ய வேண்டும்? அ) உடனே டாக்டரை அழைக்க வேண்டும். ஆ) போர்த்திவிட்டுத் தூங்க விட வேண்டும்.'

ஜோவிதா பினாத்தவில்லை.

ஹேமலதாவின் கால் இரண்டும் சில்லிட்டுப் போயின.

"நான் ஏசி மெக்கானிக். எனக்கு என்ன தெரியும்?" என்றான் ரெக்ஸ். "அன்னைக்கு நீங்க செஞ்சதைத்தான் தினமும் பதிலாப் போடறேன். தப்பு தப்புன்னே வருது. நூத்துக்கு நூறு வாங்கினவங்க செஞ்சது எப்படி சிஸ்டர் தப்பாவும்?"