கதவைத் தட்டாதவன்

இன்னும் தட்டவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் அவனையே வெறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை. ஒளித்து வைத்த கேமரா. ஒற்றை நாற்காலியில் ஒரு கட்டம் போட்ட சட்டை.

'கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடறேன்' என்று சொல்லிவிட்டு வந்தவள், கூப்பிடவே மாட்டாள். பொறுமை தீர்ந்து அவனாகக் கதவைத் தட்ட வேண்டும். எவ்வளவு நேரத்தில் தட்டுகிறான் என்பதுதான் சோதனையே. அவளாகத் திறந்தால் செல்லாது. அவளே எழுதிய விதி.

மற்றவர்கள் ஒரு டீ ஆறுவதற்குள் தட்டிவிட்டார்கள். ஒரு பேங்க் மேனேஜர் உதைத்தேவிட்டார்.

இவன்தான் கடைசி ஆள். இவன் தட்டிவிட்டால் அவளுடைய உளவியல் பி.எச்டி. கரையேறிவிடும். கைடு இன்று சாயங்காலம் அமெரிக்கா கிளம்புகிறார். அதற்குள் முடிவைக் காட்டிக் கையெழுத்து வாங்காவிட்டால், இன்னொரு வருஷம் போச்சு.

காலையில் வந்து உட்கார்ந்தவன். சாப்பாட்டு நேரம் வந்தது. போனது.

சுவரில் ஒரு பல்லி ஓடியது. அதைப் பார்த்தான்.

பல்லி போய்விட்டது. பல்லி இருந்த இடத்தைப் பார்த்தான்.

'தட்டுடா... தட்டித் தொலைடா!' திரைக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்தாள்.

பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்தான். ஒவ்வொன்றாகத் தோல் நீக்கினான். ஊதினான்.

கீழே டாக்ஸி வந்து நிற்கும் சத்தம்.

கைடுக்கு வந்த டாக்ஸி!

விதியாவது மண்ணாவது. பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல சார்?"

பதறி எழுந்தான்.

"தட்டலாமுங்களா மேடம்? நானும் பி.எச்டி.தானுங்க. கெமிஸ்ட்ரி, ஏழாவது வருஷம். எங்க கைடு ரூம் வாசல்ல இப்படித்தானுங்க உக்காந்திருப்பேன்."

அவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

வராந்தாவின் கோடியில் கைடின் அறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே சர்ரென்று சூட்கேஸ் ஜிப் இழுபடும் ஓசை.

கையைத் தூக்கினாள்.

மடக்கிய விரல்கள் கதவுக்கு ஒரு நூல் தள்ளி நின்றன. அப்படியே நின்றன.

பின்னாலேயே அவனும் வந்திருந்தான். சோதனைக்கு வருகிறவர்களுக்கு உண்டு என்று சொல்லியிருந்த சமோசா, அவனுக்கு இன்னும் வரவில்லை. அதையும் கேட்கவில்லை.

"தட்டுங்க மேடம்" என்றான்.

சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்ஷ்! சார் உள்ளே இருக்கார்."