தம்பி நடத்திய ஒத்திகை

இவனா என்னைக் கேள்வி கேட்கிறான்? பள்ளிக்கூடக் காலத்தில் ஒருநாளாவது கணக்கு வீட்டுப்பாடத்தைத் தானாகச் செய்திருப்பானா இவன்?

நினைத்ததை அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மேஜைக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, தொண்டையைக் கனைத்து, நீதிபதிபோல முகத்தை வைத்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் நாட்காட்டியில் நாளைய தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். போட்டவனும் அவன்தான்.

கட்டட அறிக்கைகளில் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போடும் பட்டயப் பொறியாளர், அதாவது 'சார்ட்டர்ட் இன்ஜினியர்', ஆக வேண்டுமென்றால், அதே தொழிலில் பழுத்தவர்கள் எதிரே உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்பார்கள். அப்பாவின் கட்டடப் பொறியியல் அலுவலகம் தம்பி கைக்கு வந்த வருடமே அவன் அதில் தேறிவிட்டான். அன்று அவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன வரைபடங்கள் அத்தனையும் அக்கா போட்டவை. அவளுடைய முறை வருவதற்கு நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது.

"மூணு பேர் இருப்பாங்க. பயந்துடாதே," என்றான்.

"ரெண்டு பேர்தான். அதுல ஒருத்தர் வாயே திறக்க மாட்டார், எழுதிக்கிட்டே இருப்பார்."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதேக்கா. போயிட்டு வந்தவன் நான். சொல்லு, நீ செஞ்சதுலேயே பெரிய வேலை எது?"

"ஆத்துப் பாலத்துக்கு நாங்க போட்ட அஸ்திவாரம்…"

"'நாங்க' எல்லாம் வேண்டாம். நீ என்ன கிழிச்சேன்னுதான் கேப்பாங்க. கூச்சப்படாம 'நான், நான்'னு அடிச்சு விடணும்."

அந்த வித்தையில் உன்னை மிஞ்ச ஆள் ஏது, என்று நினைத்துக்கொண்டாள்.

தேநீர் கொண்டுவந்த தம்பி மனைவி கோப்பைகளை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம், விடுங்களேன். இந்த வயசுல அக்காவுக்கு எதுக்கு இந்தப் பட்டயமெல்லாம்? தலையில கிரீடம் மாதிரி வெச்சுக்கப் போறாங்களா?"

"உனக்குப் புரியாது. அக்காவும் கையெழுத்துப் போட ஆரம்பிச்சுட்டா நாம ரெண்டு பேரும் நிம்மதியா ஊர் சுத்தலாம்."

சிரித்துக்கொண்டே அவள் போனதும், தம்பி எழுந்து கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"இப்பத்தான் முக்கியமான கேள்வி. 'மேலதிகாரி சொல்றது ஒண்ணு, மனசாட்சி சொல்றது ஒண்ணுன்னு நீங்க மாட்டிக்கிட்ட சம்பவம் ஏதாவது சொல்லுங்க'ன்னு கேப்பாங்க. அதுக்கு நானே பதில் எழுதிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். நான்கே வரிகள். காண்ட்ராக்டர் ஒருவர் பரிசுப் பெட்டி அனுப்பினாராம். அவள் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாளாம்.

"இது எப்ப நடந்தது?"

"நடந்திருக்கணும்னு சட்டமா? படிக்க அழகா இருக்குல்ல?"

நடந்தது வேறு. எட்டு மாதங்களுக்கு முன், அவர்கள் அலுவலகம் மேற்பார்வையிட்ட மாணவிகள் விடுதி ஒன்றின் தரைத்தளத் தூண்களுக்கு ஊற்றிய கான்கிரீட்டின் மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்தபோது, ஐந்து தூண்களுக்குப் போதிய பலமில்லை என்று முடிவு வந்தது. மேலே கட்டக் கூடாது என்று அவள் எழுதிய கடிதத்தைத் தம்பி கிழித்துப் போட்டான். சோதனை அறிக்கையில் எண்ணை மாற்றிக் கையெழுத்தும் போட்டான். இப்போது அந்தத் தூண்களின்மேல் நான்கு மாடிகள் நிற்கின்றன. அடுத்த மாதம் நூற்றைம்பது பெண்கள் குடிவருகிறார்கள்.

தம்பி என்ற ஒற்றைச் சொல்லால் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டிருந்த அந்த எட்டு மாதங்களை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவனைவிடத் தன்மீதுதான் அவளுக்கு அதிகக் கோபம். இந்த ஒத்திகைக்கு அவள் வந்து உட்கார்ந்ததே, தூண்களைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை பேசுகிறானா என்று பார்க்கத்தான்.

பேசினான்.

"அந்த விடுதி விஷயத்தை மட்டும் நாளைக்கு உளறித் தொலைச்சிடாதே. என் பட்டயம் போயிடும், ஆபீஸ் போயிடும், அப்பா பேரும் சேர்ந்து போயிடும்."

"அங்க தங்கப்போற பொண்ணுங்க?"

"கட்டடம் நின்னுக்கிட்டுதானே இருக்கு? தும்மினா விழுந்துடுமா? எங்க, அந்தத் தாளை ஒரு தடவை வாய்விட்டுப் படி, கேக்கலாம்."

அவள் தாளை, இருந்த மடிப்பிலேயே மடித்து, அவன் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"படிக்க மாட்டேன்டா."

நீதிபதி முகம் கழன்று விழுந்தது. "அப்படீன்னா? நாளைக்குத் தூணைப் பத்திச் சொல்லப் போறியா?"

"இல்ல. நாளைக்கு எதுவும் சொல்லப் போறதில்ல."

தம்பி நீளமாக மூச்சு விட்டான். "அதானே! என் அக்காவை எனக்குத் தெரியாதா?" என்று ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்டர்வியூவை நேத்தைக்கே மாத்திட்டாங்கடா. தூணைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துட்டேன்."